ஈரத் துணியும் இளந்தோலும்

சங்கத்தின் பேரேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், கைக்குழந்தையின் இடையில் உண்டாகும் புண்ணைப் பற்றி எழுதப் புகுவது வாசக அன்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நூல் கொள்முதல், கூலி உயர்வு, தேங்கிக் கிடக்கும் சரக்கு, பருத்தி விலை என்று எழுதுவதற்குப் பொருள்கள் பல இருக்கின்றன. ஆயினும் ஒரு சங்கத்தின் நிலைமை அதன் ஐந்தொகையில் மட்டும் தெரிவதில்லை. உறுப்பினர் வீட்டுத் தூளியிலும் தெரிகிறது என்பதைச் சென்ற மழைக்காலத்தில் நான் கண்டேன்.

நெசவாளர் சங்கம் ஒன்றின் தறிகளைச் சரிபார்ப்பதற்காக வீடு வீடாகச் சென்று கொண்டிருந்தேன். ஒரு வீட்டில், குழித்தறியில் அமர்ந்து ஓர் இளந்தாய் நெய்து கொண்டிருந்தாள். தறியை அடுத்துத் தொங்கிய தூளியில் ஏழு மாதக் குழந்தை ஒன்று அழுது கொண்டிருந்தது. தூளியில் கட்டிய கயிற்றை அவள் அவ்வப்போது இழுத்து ஆட்டினாள், அழுகை நிற்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த மாமியார் குழந்தையை வெளியே எடுத்தார். அரையிலிருந்து தொடை வரை தோல் சிவந்து, இரண்டு இடங்களில் உரிந்தும் இருந்தது. “சூடு, ஐயா. விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை,” என்றார் அம்மூதாட்டி.

தறியில் இருந்த தாய் தலையை நிமிர்த்தாமலே, “ஈரமாகத்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும், ஐயா. குழியிலிருந்து ஏறி இறங்கினால் ஒவ்வொரு தடவையும் வேலை கெடுகிறது. நாளைக்கு இந்தச் சேலையைச் சங்கத்தில் கொடுத்தாக வேண்டும்,” என்றாள்.

என் பதிவேட்டில், ‘தறி 1; இயங்குகிறது’ என்று குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். வேறு எதையும் குறிக்க அதில் இடம் இல்லை. அதனால்தான் இக்கட்டுரை.

அந்தத் தாயைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. ஈராண்டுகளுக்கு முன் என் மகளுக்கும் இதே புண் வந்தது. எங்கள் வீட்டில் தறியும் இல்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய சேலையும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குக் கட்டிய டயபர் காலை ஏழு மணி வரை அப்படியே இருக்கும். இடையில் எழுந்து மாற்றுவது மனைவியின் வேலை என்று நான் உறங்கினேன். பகலெல்லாம் பணி செய்து களைத்த அவளும் உறங்கினாள். தோல் சிவந்ததும், படித்தவன் என்ற துணிவில் ஒரு மருந்துக் கடைக்குச் சென்று, “குழந்தைக்குத் தொடையில் சிவப்பு” என்றேன். கடைக்காரர் ஒரு களிம்பைத் தந்தார். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. நிறுத்தியதும் முன்னிலும் மிகுதியாக வந்தது. மீண்டும் தடவினேன். இவ்வாறு மூன்று வாரம் கழிந்த பின் மருத்துவரிடம் சென்றோம். அவர் குழாயில் அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டினார். அதில் ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, நுண்ணுயிர்க் கொல்லி ஆகிய மூன்றும் கலந்திருந்தன. “மூன்று வாரம் தடவினீர்கள், அதை முதலில் நீங்கள் படித்தீர்களா?” என்று கேட்டார். நான் படிக்கவில்லை. வவுச்சர் ஒன்றில் கையொப்பம் இல்லையென்றால் தணிக்கைத் தடை எழுப்புகின்ற நான், என் மகளின் தோலில் தடவியது யாது என்று பார்க்கவில்லை.

காரணம் யாது?

நகரத்தார் இதனை ‘டயபர் ராஷ்’ என்பர். டயபரையே பாராத குழந்தைக்கும் இது வரும். ஆதலின் அணையாடைப் புண் என்று சொல்வதே பொருந்தும். இது உடற்சூட்டினால் வருவதன்று. புழுக்கம் இதனை வளர்க்கும் என்பது மெய். ஆனால் வேர் ஈரத்தில் இருக்கிறது.

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 20 தடவைக்கு மேலும் சிறுநீர் கழிக்கும். ஓராண்டு நிரம்பும்போது இது ஏழு தடவை அளவுக்குக் குறையும். அந்த ஈரம் தோலை ஒட்டியே நின்றால், தோலின் மேற்படலம் ஊறி இளகுகிறது. நெசவாளருக்கு இதனை விளக்கப் பாவு ஒன்றே போதும். நன்கு கஞ்சி ஏறிய பாவு, அச்சின் உராய்வை நாள் முழுதும் தாங்குகிறது. கஞ்சி இளகிய பாவு இழை இழையாக அறுகிறது. ஊறிய தோலும் அவ்வாறே துணியின் உராய்வைத் தாங்க மாட்டாது.

இதனோடு மலமும் சேருமாயின் தீங்கு இரட்டிக்கிறது. நலமுள்ள தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை உடையது. அதுவே அதற்குக் காவல். மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அதனால் அமிலத் தன்மை குறைந்து காரத் தன்மை ஏறுகிறது. புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் சில மலத்தோடு வெளிவருகின்றன. காரம் ஏற ஏற அவை வீறுகொள்கின்றன. குடலில் உணவைச் செரித்த அவை, வெளியே வந்து குழந்தையின் தோலைச் செரிக்கத் தலைப்படுகின்றன.

இந்த உண்மை ஒரே நாளில் தெளிவானதன்று. 1921-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் குக் என்பார், அம்மோனியாவே இப்புண்ணுக்குக் காரணம் என்று எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அக்கருத்தே நிலவிற்று. 1977-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, புண் உள்ள குழந்தைகளுக்கும் இல்லாத குழந்தைகளுக்கும் அம்மோனியாவின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டிற்று. பின்னர் 1980-களில் நடந்த ஆராய்ச்சிகளே, ஈரம், உராய்வு, மல நொதிகள் ஆகிய மூன்றும் கூடிச் செய்யும் வேலை இது என்பதை நிலைநாட்டின.

தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தையின் மலத்தில் இந்நொதிகளின் ஆற்றல் குறைவு. ஆதலின் புண்ணும் குறைவு. வேறு உணவு தொடங்கிய பின்னர், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. வயிற்றுப்போக்கு உண்டானால் எந்த வயதிலும் ஓரிரு நாளில் தோல் புண்ணாகிவிடும். இவற்றையெல்லாம் ஒரு வரியில் சுருக்கிச் சொல்வதானால், ஈரமும் மலமும் தோலின்மேல் எவ்வளவு நேரம் நின்றன என்பதே கணக்கு. மற்றவையெல்லாம் அந்தக் கணக்கின் வட்டி.

செய்ய வேண்டுவன

முதலாவது, மாற்றுதல். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். துணி கட்டிய குழந்தைக்கு நனைந்தவுடன் மாற்றுவதே முறை. மறந்து போகாதிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையேனும் தொட்டுப் பார்த்தல் நன்று. புண் ஆறும் வரை இரவிலும் ஒரு தடவை எழுந்து பார்க்க வேண்டும். தூளியில் கிடக்கும் குழந்தைக்கு இது இன்னும் இன்றியமையாதது. தூளியின் துணி குழந்தையை நாற்புறமும் அணைத்துக் கொள்வதால், நனைந்த ஈரம் போக வழியின்றி இடுப்பின் கீழேயே தங்கிவிடும்.

இரண்டாவது, கழுவுதல். இளஞ்சூடான நல்ல நீரும் மென்மையான துணியும் போதும். மணமூட்டிய சோப்பும், சாராயச் சத்துச் சேர்ந்த ஈரத் துடைப்பான்களும் வேண்டா. காய்ந்து ஒட்டிய மலத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டு இளக்கி எடுக்கலாம். கழுவிய பின் ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்த்தல் கூடாது.

மூன்றாவது, காற்று. நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், குழந்தையை அரையில் ஒன்றுமின்றி விட்டுவிடுங்கள். குளிர்நாட்டில் இதற்கு அறையைச் சூடாக்க வேண்டும். நம் நாட்டிலோ ஒரு பாயும் நிழலும் போதும். இதற்கு ஈடான மருந்து வேறொன்றில்லை, விலையும் இல்லை.

நான்காவது, தடுப்பு. தோல் உலர்ந்த பின், துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடிப்பாகப் பூச வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போல அது தோலுக்கும் ஈரத்துக்கும் இடையே நிற்கும். அடுத்த தடவை மாற்றும்போது அழுக்கடைந்த மேற்பூச்சை மட்டும் மெல்லத் துடைத்துவிட்டு மேலே பூசினால் போதும். முழுவதையும் சுரண்டி எடுப்பது ஆறிவரும் தோலையும் சேர்த்து எடுப்பதாகும். மூதாட்டி வைத்த விளக்கெண்ணெயில் குற்றமில்லை. நனைந்த தோலின்மேல் வைத்ததும், நனைந்த துணியையே மீண்டும் சுற்றியதுமே குற்றம்.

செய்யத் தகாதனவும் சில உண்டு. முகப் பவுடரைத் தூவுதல் கூடாது. அதன் துகள் குழந்தையின் மூச்சில் புகுந்து நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். போரிக் பவுடர் இன்னும் கொடியது. உரிந்த தோலின் வழியே உடலுக்குள் சென்று நஞ்சாகும். மஞ்சள், சந்தனம், வசம்பு முதலியவற்றை அரைத்து உரிந்த புண்ணில் அப்புவதும் வேண்டா. துணியின்மேல் பிளாஸ்டிக் சட்டி அணிவித்தால் தரை நனையாது. ஆனால் தோல் வெந்துபோகும்.

மேற்சொன்னவற்றைச் செய்தால், சாதாரணப் புண் இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும். மூன்று நாளாகியும் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடை மடிப்பின் உட்புறமும் இரத்தச் சிவப்பாகி, ஓரத்தில் சிறு சிறு சிவந்த புள்ளிகள் சிதறிக் காணப்பட்டால் அது பூஞ்சை பற்றியதாக இருக்கலாம். வெறும் ஈரத்தால் வரும் புண் பெரும்பாலும் மடிப்பின் உட்புறத்தை விட்டுவிடும். நுண்ணுயிர்க் கொல்லி மருந்து உட்கொண்ட குழந்தைக்குப் பூஞ்சை எளிதில் பற்றும். அதற்குத் தனி மருந்து உண்டு. அதை மருத்துவரே தருவார். சீழ், நீர்க்கொப்புளம், குருதிக் கசிவு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மூன்று நாள் காத்திருத்தல் ஆகாது. அரையில் மட்டுமன்றி வாயைச் சுற்றியும் கைகளிலும் புண் தோன்றி, வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால், உடலில் துத்தநாகச் சத்துக் குறைவினாலும் அவ்வாறு நேரலாம். அதனையும் உடனே காட்டுதல் வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதாரச் செவிலியரும் இதற்கெனவே இருக்கின்றனர்.

நான் வாங்கிய களிம்பைப் பற்றி ஒரு சொல். ஸ்டீராய்டு மருந்து தோலின் சிவப்பை விரைவில் அடக்கும். அதனாலேயே மக்கள் அதனை நம்புகின்றனர். ஆனால் குழந்தையின் தோல் மெல்லியது. மேலே டயபரும் இறுகக் கட்டப்பட்டிருந்தால் மருந்து மிகுதியாக உள்ளே இறங்கும். நாட்பட்டால் தோல் மெலியும். பூஞ்சை மறைவில் வளரும். உடலின் இயல்பான சுரப்புகளும் கெடலாம். தேவையெனக் கண்டால் மென்மையான ஒன்றைச் சில நாளுக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தருவார். அது அவர் பொறுப்பில் நடப்பது. 2018-ஆம் ஆண்டில் நடுவண் அரசு, மேற்பூச்சு ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின் பேரில் விற்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் என் போன்றார் கடைக்காரரிடம் நோயைச் சொல்லி மருந்து கேட்கும் வழக்கம் போகவில்லை.

துணியா, டயபரா?

கைத்தறியாளர் படிக்கும் இதழில் எழுதுபவன், “டயபரை ஒழித்துத் துணிக்குத் திரும்புங்கள்” என்று முழங்குவான் என அன்பர்கள் எதிர்பார்க்கலாம். அவ்வாறு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது முழு உண்மையாகாது. இக்காலத்து டயபரில், தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்ளும் சோடியம் பாலி அக்ரிலேட்டு என்னும் பொருள் இருக்கிறது. உரிய காலத்தில் மாற்றப்படும் டயபர், நனைந்த துணியைக் காட்டிலும் தோலை உலர்வாக வைத்திருக்கும். இதனை மறைத்துத் துணி விற்பது கூட்டுறவாளர்க்கு அழகன்று.

ஆயினும், ‘உரிய காலத்தில் மாற்றப்படும்’ என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. ஒன்றின் விலை 10 ரூபாய் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து என்றால் 50 ரூபாய். திங்களுக்கு 1,500 ரூபாய். நெசவுக் கூலியிலோ களையெடுக்கும் கூலியிலோ வாழும் குடும்பம் இதனை எங்ஙனம் தாங்கும்? தாங்க முடியாதபோது டயபரை விட்டுவிடுவதில்லை. ஐந்துக்குப் பதில் இரண்டைக் கட்டுகிறார்கள். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் அது குழந்தையின் இடையில் தொங்குகிறது. கூழ் சிறுநீரைப் பிடித்துக்கொள்ளும், மலத்தைப் பிடித்துக்கொள்ளாது. மேற்புறம் உலர்ந்து தோன்றுவதால், தாயும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. துணியாயின் நனைந்தவுடன் கைக்குத் தெரியும். குழந்தையும் அழுது அறிவிக்கும். சிக்கனம் என்று நினைத்துச் செய்வது களிம்புச் செலவிலும் மருத்துவச் செலவிலும் போய் முடிகிறது. எறிந்த டயபர் மக்காமல் ஊர்க் குப்பை மேட்டிலும் ஓடைக் கரையிலும் கிடப்பது வேறொரு கேடு.

ஆதலின் என் முடிபு இது: பயணத்துக்கும், அடைமழை நாளுக்கும், இரவுக்கும் டயபர் பயன்படட்டும்; வீட்டில் இருக்கும் பகற்பொழுதுக்குத் துணியே போதும். எதுவாயினும் நனைந்தது நீண்ட நேரம் நிற்றல் கூடாது.

எந்தத் துணியும் குழந்தைக்கு ஆகும் என்றும் எண்ணுதல் கூடாது. பழைய வேட்டியையும் பழைய பருத்திச் சேலையையும் கிழித்துப் பிள்ளைக்குக் கட்டிய நம் பாட்டிமார் ஏழ்மையால் மட்டும் அவ்வாறு செய்யவில்லை. புதுத் துணியில் பாவுக்கு இட்ட கஞ்சி இருக்கும். அது தோலை அறுக்கும். கோராத் துணியில் பருத்திக்கே உரிய மெழுகுச் சத்து இருப்பதால், அது நீரை உறிஞ்சாது. பலமுறை துவைத்த துணியில் இவ்விரண்டும் நீங்கியிருக்கும். தறியில் அமர்ந்திருப்பவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. துணியின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்துப் போல உருண்டு நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. உடனே பரவி இறங்கினால் ஆகும்.

இன்று வீடுகளில் பழைய பருத்தித் துணி அருகிவிட்டது. உடுப்பவை பாலியெஸ்டர் கலந்தவை. அவை நீரைக் குடிப்பதில்லை. பருத்தியை விளைவிப்பவரும் நெய்பவருமாகிய நம் வீடுகளிலேயே குழந்தைக்குக் கட்டப் பருத்தித் துணி கிடைக்காமை வருந்தத்தக்கது.

துவைப்பதிலும் கருத்து வேண்டும். மலத்தை முதலில் அகற்றி, சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான சோப்பினால் துவைத்து, சோப்பு முழுதும் நீங்கும்படி இரண்டு மூன்று தடவை நல்ல நீரில் அலச வேண்டும். துணியில் தங்கிய சலவைத் தூளே பல குழந்தைகளுக்குத் தோலை எரிக்கிறது. நீலமும் கஞ்சியும் மணநீரும் வேண்டா. வெயிலில் மொறமொறவென்று உலர்த்த வேண்டும். பூஞ்சை பற்றிய குழந்தையின் துணியைக் கொதிநீரில் இட்டு எடுத்தல் நலம். அரைகுறையாக உலர்ந்த துணியைக் கட்டுவதும் நனைந்ததைக் கட்டுவதும் ஒன்றே.

சங்கங்கள் செய்யக் கூடியவை

நிற்க. இவ்வளவையும் படித்த பின்னும், நான் கண்ட அந்தக் குழித்தறித் தாய் என்ன செய்வாள்? ஈரமாகத்தான் கிடக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும். அவளிடம் இல்லாதது அறிவன்று. நேரமும் மாற்றுத் துணியும் உதவிக்கு ஒரு கையுமே. எனவே இதனைத் தாய்மார்க்குச் சொல்லும் அறிவுரையாக மட்டும் முடிப்பது நேர்மையாகாது. மூன்று யோசனைகளைச் சங்கங்களின் முன் வைக்கிறேன்.

ஒன்று: காஞ்சிபுரத்துப் பட்டுக்கும் சென்னிமலைப் போர்வைக்கும் பெயர் இருக்கிறது. குழந்தையின் இடைத்துணிக்கென ஒரு பெயரும் இல்லை. மென்மையான பருத்தி நூலில், நெருக்கமின்றி நெய்து, மெழுகும் கஞ்சியும் நீங்க வேகவைத்து, சாயமிடாது, ஓரம் உறுத்தாமல் மடித்துத் தைத்த சதுரத் துணிகளைச் சங்கங்கள் உற்பத்தி செய்யலாம். மழை நாளிலும் தட்டின்றிக் கிடைக்க ஒரு வீட்டுக்கு 24 துணிகளேனும் வேண்டும். உறுப்பினர் வீட்டில் பிள்ளை பிறந்தால், அவ்வாறான கட்டு ஒன்றைப் பொது நல நிதியிலிருந்து அனுப்பலாம். விழாவுக்கு மாலை வாங்கிய செலவுச் சீட்டுகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். குழந்தைக்குத் துணி வாங்கிய சீட்டு ஒன்றையேனும் பார்க்க விரும்புகிறேன். விற்பனைக்கும் அதனை வைக்கலாம். நேர்மையான துணி என்று அறிந்தால் நகரத்தாரும் வாங்குவர்.

இரண்டு: 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. வீட்டிலே தறி போட்டிருக்கும் தாய்க்கும், பிறர் வயலில் நாற்று நடும் தாய்க்கும் அதன் பயன் எட்டவில்லை. பத்துத் தறிகள் உள்ள தெருவில், ஒரு திண்ணையில், தூளிகள் சில, ஒரு குடம் நீர், ஒரு கொடிக்கயிறு, சிறு ஊதியம் பெறும் மூத்த தாய் ஒருவர் ஆகிய இவ்வளவு இருந்தாலே பல குழந்தைகளின் தோல் காக்கப்படும். நடவுக் காலத்தில் வேளாண்மைச் சங்கங்கள் வயலோர மரத்தடியில் இதனையே செய்யலாம்.

மூன்று: கூட்டுறவு மருந்தகங்களில் துத்தநாகக் களிம்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு சீட்டின்றிக் கேட்பவர்க்குக் கொடுக்கப்படலாகாது. 1844-இல் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் கூடி முதற்கடையைத் திறந்தபோது, கலப்படமற்ற மாவையும் வெண்ணெயையும் சரியான நிறையில் விற்பதையே பெருமையாகக் கொண்டனர். அம்மரபில் வந்த நம் மருந்தகம், “இது உங்கள் குழந்தைக்கு வேண்டா, மருத்துவரைப் பாருங்கள்” என்று சொல்லி ஒரு விற்பனையை இழக்குமாயின், அந்த இழப்பை நான் குறையென எழுத மாட்டேன்.

இறுதியாகத் தந்தைமார்க்கு ஒன்று. துணி மாற்றுவது பெண்ணின் வேலை என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. மனைவி குழித்தறியில் இருக்கும்போது, பாவு புணைந்தோ தார் சுற்றியோ அருகில் இருக்கும் கணவன் எழுந்து தூளியைத் தொட்டுப் பார்க்கலாம். நாற்று நடும் நாளில் வரப்பில் நிற்பவன் மரத்தடிக்குச் சென்று வரலாம். களிம்பை மாற்றியதனால் என் மகளின் புண் ஆறவில்லை. களிம்பை நிறுத்தி, இரவில் ஒரு தடவை நானும் ஒரு தடவை அவள் தாயும் எழுந்து மாற்றத் தொடங்கிய பின்னரே ஆறியது. அதற்கு மருத்துவர் எழுதித் தந்த மருந்தும் துணை நின்றது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவர் முதலில் எழுதித் தந்தது மருந்தன்று. “இரவு ஒரு தடவை, விடியலில் ஒரு தடவை” என்ற வரியே.

அடுத்த திங்கள் அதே சங்கத்துக்குத் தணிக்கைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. தறிகளை எண்ணும்போது தூளிகளையும் எண்ணிக்கொள்ளப் போகிறேன். நிருவாகக் குழுவின் முன் இவ்யோசனைகளை வைப்பேன். வாசக அன்பர்களும் தத்தம் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எழுப்ப வேண்டும். பேசத் தெரிந்த உறுப்பினர் தம் குறையைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கிறார். தூளியில் கிடக்கும் உறுப்பினர்க்கு அழத்தான் தெரியும். அவர் சார்பில் நாம் எழுந்து பேசுவது நம் கடமையாகும்.